பிள்ளைகள் அன்றாடம் பேசுவதை, செய்வதை எதில் குறித்து வைக்கிறீர்கள்?

மொட்டைமாடி_காற்று (திருப்பூர்)

வணக்கம். பெரியவனுக்கு ஐந்து முடியப் போகிறது, சின்னவளுக்கு இரண்டரை. மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஆல்பம் இருக்கிறது. அதில் பிள்ளைகள் ஒன்று அழுகிறார்கள், இல்லையென்றால் பட்டுப்பாவாடை குத்துகிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு படம்கூட அதில் கிடையாது.

நேற்று கஞ்சி வடியட்டும் என்று சோற்றுப் பானையைச் சாய்த்து வைத்திருந்தேன். சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு "சோறு படுத்துக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்றதும் உள்ளே ஓடிப்போய் அவளுடைய துண்டை எடுத்து வந்து பானைமேல் போர்த்தப் பார்த்தாள். அடுப்பு பக்கத்தில் எரிகிறது, பிடுங்க வேண்டியதாயிற்று, ஒரே அழுகை. இதில் போனை எங்கே எடுப்பது? இரவு அவங்க அப்பாவிடம் சொல்லும்போதே "தூங்குதா" என்றாளா "படுத்துக்கிச்சா" என்றாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரியவன்தான் திருத்தினான்.

இந்த மாதிரி விஷயங்களை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? டைரியா, ஆப்பா, வாய்ஸ் ரெக்கார்டா? டைரி வாங்கினால் ஜனவரி முதல் வாரத்தோடு நின்றுவிடுகிற ஜாதி நான். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


கரிசல்காடு (கோவில்பட்டி)

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர்தான் டைரி. காலையில் கிழிக்கிற நேற்றைய சீட்டைக் குப்பையில் போடாமல், அதன் பின்பக்கத்தில் நேற்று நடந்ததை எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம். தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. நாம் எழுத வேண்டியது இரண்டு வரி. ஒன்றும் நடக்காத நாளின் சீட்டு வழக்கம்போல குப்பைக்கு. அதனால் "ஐயோ, விட்டுப்போச்சே" என்ற கவலையே கிடையாது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பின்பக்கம் வைத்தியக் குறிப்பு, பொன்மொழி அச்சடித்த காலண்டர் ஆகாது, எழுத இடம் இருக்காது. மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிறதுதான் நல்லது. ஜெல் பேனாவும் வேண்டாம், ஈரம் பட்டால் அழிந்துவிடும். சாதாரண பால்பாயிண்ட் போதும்.

சாம்பிளுக்கு டப்பாவிலிருந்து கையில் வந்த ஒன்று: "சுவரில் பல்லி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இதுக்கு யாரும் ஜட்டி போட்டு விடலையா?'" அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அதைப் படித்ததும் எந்த வீடு, எந்தச் சுவர், கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது.


மொட்டைமாடி_காற்று

அண்ணா, இது எனக்கே செய்த மாதிரி இருக்கிறது!


சைலன்ட்_மோட் (சென்னை)

காகிதம் நல்லதுதான், ஆனால் குரல் வராதே. நானும் மனைவியும் மட்டும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். ஏதாவது சொன்னால் உடனே அதில் வாய்ஸ் நோட். பிள்ளையைத் திரும்பச் சொல்லவைக்க மாட்டோம், நாங்களே சொல்லிவிடுவோம். பின்னணியில் அவன் கத்துவது தானாகப் பதிவாகிவிடும், அதுதான் பின்னால் கேட்க நன்றாக இருக்கிறது.

வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். போனில் 1080 தரத்தில் ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பேச்சை ஆடியோவாக எடுத்தாலே 30 எம்பிதான். சாப்பாட்டு நேரத்தில் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ரெக்கார்டரை ஓட விடுங்கள். கேமராவைக் கண்டால் பிள்ளைகள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கவிழ்ந்து கிடக்கிற போனை யாரும் மதிப்பதில்லை.


பழைய_பேப்பர் (மதுரை)

எல்லோரும் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் அப்பா ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு குரூப் போட்டோ இருக்கிறது, அதிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். அதனால் எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று? பிள்ளை பேசும்போது பிள்ளையைப் பாருங்கள், ரெக்கார்டரைப் பார்க்காதீர்கள்.

இது வெறும் பெரிசு புலம்பல் இல்லை. 2014-இல் அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்களை மியூசியத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை கையைக் கழுவிவிடுகிறது.


நாநெகிழ் (திருச்சி)

பழைய_பேப்பர் ஐயா, அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. கவனித்து எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது, சும்மா கிளிக் செய்தால் போய்விடுகிறது. இரண்டு வரி எழுதுவது எதில் சேர்த்தி என்று நீங்களே சொல்லுங்கள். எழுத வேண்டுமென்றால் முதலில் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

நான் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். என்னிடம் வருகிற பெற்றோரிடம் "எப்போது இரண்டு சொல் சேர்த்துப் பேசினாள்?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். காதுகுத்து தேதி மட்டும் டாண் என்று வரும். அதனால் தொழில்முறையாகவும் எனக்கு இந்த இழை பிடித்திருக்கிறது.

எழுதும்போது ஒன்றே ஒன்று: திருத்தாதீர்கள். "ரயில்" என்பதை "லயில்" என்றால் அப்படியே எழுதுங்கள். "ர", "ழ" எல்லாம் பிள்ளைகளுக்குத் தாமதமாக வருகிற ஒலிகள். "நாளைக்கு ஆத்தா வீட்டுக்குப் போனோம்" என்றால் அதையும் அப்படியே. நேற்று, நாளை எல்லாம் அந்த வயதில் ஒரே கூடையில்தான் கிடக்கும். நாம் நல்ல தமிழில் மாற்றி எழுதிவிட்டால், அந்த வயதுக்கு உரியது எதுவோ அது அங்கேயே போய்விடுகிறது. கூடவே வயதை வருஷம், மாதம் என்று போடுங்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அரை வரி. அம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னாளா, தானாகச் சொன்னாளா என்பது அந்த அரை வரியில்தான் தெரியும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் 1839 டிசம்பரில் பிறந்ததிலிருந்தே குறிப்பு எழுதினார். தும்மல், கொட்டாவி, ஏழாம் நாள் உள்ளங்காலில் காகிதம் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தது, சரியாக ஒரு வயதில் சாப்பாட்டுக்கு "மம்" என்று அவனே ஒரு சொல் உண்டாக்கிக்கொண்டது, எல்லாம் அதில் இருக்கிறது. பெட்டியில் கிடந்த அந்தக் குறிப்புகளை 37 வருடம் கழித்து, 1877-இல்தான் கட்டுரையாக வெளியிட்டார்.


சைலன்ட்_மோட்

அந்த வழியில் உச்சம் தொட்டவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர் தெப் ராய். பிறந்த மகனைக் கொண்டுவந்ததிலிருந்து வீடு முழுக்கக் கூரையில் கேமரா, மைக். மூன்று வருடத்தில் சுமார் 90,000 மணி நேர வீடியோ. பையன் "காகா" என்று தொடங்கி அரை வருடம் போல எடுத்துக்கொண்டு "வாட்டர்" என்று வந்து சேர்ந்ததை, ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுத்து 2011-இல் மேடையில் போட்டுக் காட்டினார். கேட்டால் சிலிர்க்கும்.


பழைய_பேப்பர்

90,000 மணி நேரமா? அதைப் போட்டுப் பார்க்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பையனுக்கே மீசை முளைத்துவிடும்.


நாநெகிழ்

அதனால்தான் ஐயா பிஸ்கட் டப்பா! :)

"எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று" என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரியவர்கள் யாருக்கும் ஏறக்குறைய நினைவில் நிற்பதே இல்லை. நமக்கு நினைவிருப்பதாகச் சொல்கிற "இரண்டு வயதில் கிணற்றடியில் விழுந்தேன்" எல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லி நாம் வாங்கிக்கொண்டதாகத்தான் இருக்கும். உங்களுக்கு அந்த வேலையை உங்கள் அம்மாவும் பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்து செய்திருப்பார்கள். பழையதை விரிவாகப் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவும் விரிவாக இருக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. திண்ணை போன வீட்டில் சீட்டாவது இருக்கட்டுமே.


பழைய_பேப்பர்

திண்ணை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கேமரா விஷயத்தில் நான் நகர மாட்டேன்.


பனிக்குல்லா (டொராண்டோ)

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் எங்கட வலிகாமம் பகுதியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா உடுப்பு, நகை, உறுதிப் பத்திரங்கள் எடுத்தா. அல்பங்கள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. நான் குழந்தையாக இருக்கிற ஒரே படம், அதற்கு முன்னமே பெரியம்மா கனடாவுக்குக் கடிதத்தோடு எடுப்பித்துக்கொண்ட ஒன்று. அதில் நான் முற்றத்தில் இருந்து செருப்பைச் சப்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல படமெல்லாம் போய், அம்மா வெட்கப்பட்ட படம் மட்டும் மிஞ்சியது.

அதனால் எனக்கு "எதில் எழுதுவது" என்பதைவிட "எத்தனை வீட்டில் இருக்கிறது" என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் குறிப்புகளைப் பிரதி எடுத்து ஒன்று கொழும்பில் மாமா வீட்டுக்கு, ஒன்று லண்டனில் தங்கைக்கு அனுப்புவேன். ஒரே வீட்டில் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்று. இங்கே பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கையோடு தமிழ் மறையத் தொடங்கிவிடும். என்ர மகன் மூன்று வயதில் அம்மம்மாவோடு மணிக்கணக்காகத் தமிழில் கதைப்பான். இப்போது பதினொரு வயது, "ஓம்", "வேண்டாம்", "பசிக்குது" அவ்வளவும்தான். போன மாதம் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "நான் குளிச்சு முடிஞ்சுது, தண்ணியும் முடிஞ்சுது, அம்மம்மாவும் முடிஞ்சுது" என்று பாட்டாகப் பாடுகிறான். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "அது நானா?" என்று ஆங்கிலத்தில்தான் கேட்டான். ஆனாலும் அன்றிரவு அம்மம்மாவுக்கு அவனாகவே போன் எடுத்தான்.


மொட்டைமாடி_காற்று

அக்கா, "அம்மம்மாவும் முடிஞ்சுது" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பாட்டி இதைக் கேட்டார்களா?


பனிக்குல்லா

கேட்டா. "நான் இன்னும் முடியேல்லையடா" என்று சொன்னவ.


இரட்டை_டிபன்பாக்ஸ் (நாகர்கோவில்)

ஸ்டேட்டஸ் விஷயத்தை யாரும் தொடவில்லையே. நாம் குறித்து வைப்பது ஒன்று, ஊருக்குக் காட்டுவது வேறு. என் நாத்தனார் மகனுக்கு ஒன்பது வயது. அவன் மூன்று வயதில் கழிப்பறையில் உட்கார்ந்து பாடிய வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி அவன் வகுப்பு அம்மாக்கள் குரூப்புக்கே வந்துவிட்டது. பையன் ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அடம். நமக்கு அது பாசம், அவனுக்கு அது மானம்.

பிரான்சில் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் படத்தை என்ன செய்வது என்பதை அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப பிள்ளையையும் கேட்க வேண்டும். நம் நாட்டின் 2023 தகவல் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைத் தொடப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு நாமே எடுப்பதில் அது தலையிடாது. ஆக நமக்கு நாமேதான் போலீஸ். என் வீட்டு விதி: துணியில்லாத படம், அழுகிற படம், திட்டு வாங்குகிற படம் மூன்றும் போனைத் தாண்டக்கூடாது.


சைலன்ட்_மோட்

துணியில்லாத படம் போனில், அதாவது கிளவுடில், இருப்பதே ஆபத்து அக்கா. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி: சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அப்பா, குழந்தைக்குப் பிறப்புறுப்பில் வீக்கம் என்று டாக்டருக்குக் காட்டப் படம் எடுத்தார். அது தானாக கூகுள் கிளவுடில் ஏறியது, மென்பொருள் அதைக் குற்றப் படம் என்று பிடித்தது, கணக்கையே மூடிவிட்டார்கள். போலீஸ் விசாரித்து அவர்மேல் தப்பில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மகனின் முதல் வருடப் படங்கள், மெயில், எல்லாம் போயிற்று.

ஆகவே ஆன்லைனில் ஒன்று இருக்கட்டும், கையில் ஒன்று இருக்கட்டும். கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் முதல் எல்லாமே 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான், நிறைந்தால் காசு. ஹார்ட் டிஸ்க்கை வாங்கி அலமாரியில் மறந்துவிடவும் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை போட்டுத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிய வீடியோவை "காப்பி" என்று நம்பாதீர்கள், அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஸ்கேன் படம் வைத்திருக்கிறீர்களா? வயிற்றில் இருக்கும்போது எடுத்த அந்த வழவழப்பான சீட்டு. அது வெப்பத்தில் அச்சாகிற காகிதம், பஸ் டிக்கெட் மாதிரி வெளிறிவிடும். லேமினேட் செய்யக் கொடுத்தால் மெஷின் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். இன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.


இரட்டை_டிபன்பாக்ஸ்

ஐயையோ, எங்கள் வீட்டில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

பார்த்தேன். ஒன்று தெரிகிறது, மற்றொன்று ஏற்கெனவே மேகமூட்டம். எனக்கு இரட்டை, அதிலும் பின்னால் பிறந்தவன்தான் வெளிறிப்போயிருக்கிறான். எப்போதும் அவனுக்குத்தான் இப்படி.


தறிநாடா (ஈரோடு)

இரண்டாவது பிள்ளை கதையே அதுதான். மூத்தவளுக்குக் குப்புற விழுந்த தேதி, முதல் பல், முதல் இட்லி எல்லாம் நோட்டில் இருக்கிறது. இளையவனுக்குத் தடுப்பூசி அட்டை மட்டும்தான். இப்போது மூத்தவளே தம்பிக்கு எழுதுகிறாள். எட்டு வயது, எழுத்துப் பிழையோடு. "தம்பி இன்று என்னை கடித்தான். நான் கடிக்கவில்லை" என்று ஒரு நாள். மறுநாள் "நேற்று எழுதியது பொய்". என் குறிப்புகளைவிட இது நூறு மடங்கு மேல்.

உயரம் குறிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. வாடகை வீட்டுச் சுவரில் குறிக்காதீர்கள். காலி செய்யும்போது வெள்ளையடித்துவிடுவார்கள், சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தச்சரிடம் ஆறடிக்கு ஒரு ரீப்பர் கட்டை இழைத்து வாங்கிக்கொண்டோம். பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி. தலைமேல் நோட்டைப் படுக்க வைத்துக் கோடு போட வேண்டும், இல்லையென்றால் எக்கி எக்கி ஒரு அங்குலம் ஏமாற்றிவிடுவார்கள். மூன்று வீடு மாறியாயிற்று, கட்டை கூடவே வருகிறது. நடுவில் ஒரு கோடு அவர்கள் வளர்த்த ஆட்டுக்குட்டிக்கு.


நாலாங்கிளாஸ்_வாத்தியார் (தஞ்சாவூர்)

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பேரன் காட்டியதால் படிக்கிறேன். கடவுளையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் இருப்பதை யாரும் சொல்லவில்லையே! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவம் இருபாலுக்கும் பொது. பிறகு ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். செங்கீரை ஐந்தாம் மாதம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையை அசைப்பது. சப்பாணி ஒன்பதாம் மாதம், கை கொட்டுவது. பாடப்படுவது முருகனோ மீனாட்சியோ, அளந்திருப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையை வைத்துத்தான்.

அதற்கும் முன்னால் புறநானூற்றில் 188-ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. குழந்தை சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்வதை ஒவ்வொரு வினையாகச் சொல்லிக்கொண்டு போவான். அரசன்தான், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.


பழைய_பேப்பர்

வாத்தியாரையா, அவன் கேமரா இல்லாமல் பார்த்தான்!


நாலாங்கிளாஸ்_வாத்தியார்

பார்த்துவிட்டு எழுதியும் வைத்தானே தம்பி.


ராத்திரி_ஷிஃப்ட் (பெங்களூரு)

ஒரு எச்சரிக்கை மட்டும். நான் ஆப்பில் எழுதினேன். அது "இந்த மாதம் உங்கள் குழந்தை நடந்திருக்க வேண்டும்" என்று தினமும் நினைவூட்டும். பதினான்கு மாதம், இவன் நடக்கவில்லை. தூக்கமே போயிற்று. குழந்தை டாக்டர்தான் சொன்னார்: தனியாக நடப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் கொடுக்கிற வரம்பு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி! சந்தேகம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், ஆப்பிடம் கேட்காதீர்கள். நான் ஆப்பை அழித்துவிட்டு, அவன் தவழ்ந்துபோய் எதையெல்லாம் எடுத்து வந்தான் என்று எழுத ஆரம்பித்தேன். தேங்காய்நார், ஒற்றைக் கொலுசு, என்னுடைய ஆபீஸ் ஐடி கார்டு, பாதி தின்ற முறுக்கு. முறுக்கு யாருடையது என்று இன்றுவரை தெரியாது.


மொட்டைமாடி_காற்று

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். எழுதுவதற்குக் காலண்டர் சீட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குக் கவிழ்த்த போன். சீட்டுகளை மாதக் கடைசியில் படம் எடுத்து என் தங்கைக்கு டாக்குமெண்டாக அனுப்பிவிடுவேன். ரீப்பர் கட்டைக்கு அவங்க அப்பா தச்சரிடம் சொல்லியிருக்கிறார். முதல் சீட்டு எழுதியாயிற்று: "2 வயது 6 மாதம். வடிக்கச் சாய்த்த பானையைப் பார்த்து, சோறு படுத்துக்கிச்சா? துண்டு கொண்டுவந்தாள்." பெரியவன் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். கையெழுத்தும் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டிருக்கிறான்.

கரிசல்காடு அண்ணாவிடம் ஒரு கேள்வி. டப்பாவில் பூச்சி வராதா?


கரிசல்காடு

வசம்பு இரண்டு துண்டு போட்டு வைக்கிறோம், இதுவரை வந்ததில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறக்கணும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.


மொட்டைமாடி_காற்று

சரி அண்ணா. கடைசியாக ஒன்று. என் மாமியார் தூங்கும்போது விடுகிற குறட்டையைப் பற்றிச் சின்னவள் இன்று ஒன்று சொன்னாள். அதையும் எழுதி டப்பாவில் போடலாமா? டப்பா இருப்பது அவங்க அலமாரிக்குப் பக்கத்தில்.


இரட்டை_டிபன்பாக்ஸ்

எழுதுங்கள். பரணில் வேறு டப்பா.


பனிக்குல்லா

பிரதி எனக்கு அனுப்புங்கோ, டொராண்டோவில் பத்திரமாக இருக்கும்.